கணுக்கால் பிசகினால் சுளுக்கா, முறிவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். வாரத்துக்கு நாலைந்து கணுக்கால்களாவது என் மேசைக்கு வந்துவிடும். பேருந்துப் படி, பாசி பிடித்த குளியலறை, வாலிபால் மைதானம், கல்யாண மண்டபத்தில் ஹை ஹீல்ஸ் என்று காரணம்தான் மாறும். கேள்விகள் மாறுவதே இல்லை. ஊருக்கு ஊர் பெயர் வேறு: சிலருக்குக் கணுக்கால், தெற்கே பலருக்குக் கரண்டைக்கால். காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் உருண்டையாகப் புடைத்திருக்கும் எலும்புகளை இங்கே ‘புடைப்பு’ என்றே எழுதுகிறேன். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் தசைநாரை எல்லாரும் ‘ஜவ்வு’ என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

கால் மடங்கிவிட்டது. முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

உட்காருங்கள். “நாலடி நடந்தா சரியாயிடும்” என்று பக்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். செருப்பையோ ஷூவையோ மெதுவாகக் கழற்றுங்கள். கொலுசும் மெட்டியும் இருந்தால் அவற்றையும் அப்போதே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, வீங்கிய விரலிலிருந்து மெட்டியை எடுக்கச் சோப்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கட்டிங் பிளேயரைத் தேடிய குடும்பங்கள் உண்டு.

அப்புறம் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பாருங்கள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறதா? தோல் கிழிந்திருக்கிறதா, அல்லது உள்ளேயிருந்து எலும்பு தள்ளித் தோல் வெளுத்துப்போய் நிற்கிறதா? விரல்கள் சில்லென்று வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கின்றனவா? தொட்டால் உணர்ச்சி இல்லையா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இழுத்து நேராக்க முயல வேண்டாம். காலடியில் ஒரு தலையணையை வைத்து, அதன் இரு ஓரத்தையும் மேலே மடித்து, துண்டால் இரண்டு இடத்தில் கட்டினால் ஆம்புலன்ஸ் வரும்வரை அது போதும். ஆறுதலுக்குக் காபி, சோடா கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டைச் சரிசெய்ய வேண்டிவந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

சாலை விபத்து என்றால் இன்னொன்று: ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று தமிழ்நாட்டில் 2021 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு, திட்ட வரம்புக்குள், பணம் கட்ட வேண்டியதில்லை.

சுளுக்கா, எலும்பு முறிவா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முறிவு என்று வீட்டில் உறுதிசெய்ய முடியாது. ஆனால் எக்ஸ்ரே தேவையா, இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசரச் சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவும் 1992-இல் வெளியிட்டது. கணுக்காலில் அடிபட்டு வருகிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவாகவே எலும்பு முறிந்திருக்கும், ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீண் வேலையைக் குறைக்கத்தான் இந்த விதி வந்தது.

செய்முறை இதுதான். ஒற்றை விரலால் எலும்பை அழுத்திப் பார்க்க வேண்டும், நான்கு இடங்களில்.

வெளிப்புடைப்பின் அடி நுனி. அங்கிருந்து அதன் பின்விளிம்பு வழியாக மேலே 6 சென்டிமீட்டர் வரை, அதாவது நான்கு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக. உள்புடைப்பிலும் அதேபோல. மூன்றாவது, பாதத்தின் வெளி ஓரம்: குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் விரலை ஓட்டினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அது. நான்காவது, பாதத்தின் உள்பக்கம்: உள்புடைப்புக்குச் சற்று முன்னும் கீழுமாகத் தெரியும் எலும்பு மேடு.

இதில் எங்காவது எலும்பின் மேலேயே அழுத்தும்போது சுரீர் என்று வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். நான்கு எட்டு என்றால் ஒவ்வொரு காலிலும் இரண்டு. நொண்டினாலும் கணக்குத்தான். அந்தக் காலில் எடை இறங்கினால் போதும்.

“எல்லா இடமும் வலிக்குது மேடம்” என்பார்கள். அப்படிச் சொல்கிறவரிடம் முதலில் நல்ல காலை அழுத்துவேன், என் விரலின் கனம் பழகட்டும் என்று. பிறகு அடிபட்ட காலில், வலிக்கும் இடத்துக்கு ரொம்பத் தள்ளி ஆரம்பித்து மெல்ல நெருங்குவேன். அப்போது அவர் முகத்தைத்தான் பார்ப்பேன், காலை அல்ல. சாதாரணச் சுளுக்கில், வெளிப்புடைப்புக்கு முன்னால் கொஞ்சம் கீழே இருக்கும் மெத்தென்ற குழியில் கைவைத்ததும் புருவம் சுருங்கும். உள்பக்கமாகக் கால் மடங்கும்போது முதலில் கிழிகிற ஜவ்வு அங்கேதான் இருக்கிறது. புருவம் சுருங்குவது புடைப்பின் பின்விளிம்பில் என்றால் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிடுவேன்.

உலகம் முழுக்கப் பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் பார்த்தபோது, இந்த விதிப்படி எக்ஸ்ரே வேண்டாம் என்று வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே முறிவு இருந்தது. மறுபுறம், ‘எடுக்க வேண்டும்’ என்று வருகிற பலருக்கும் படத்தில் ஒன்றும் இருக்காது. அதற்காக விதியைக் குறை சொல்ல முடியாது. அது அப்படிச் சந்தேகப்படத்தான் செய்யப்பட்டது.

நடக்க முடிகிறதே. அப்படியானால் முறிவு இல்லைதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தொன்பது வயதில் விடுதி மாடிப்படியில் கடைசிப் படி இருப்பதைக் கவனிக்காமல் காலை வைத்தேன். கால் மடங்கியது. நொண்டி நொண்டி ஆறு நாள் வகுப்புக்கு நடந்தே போனேன். நடுவில் ஒரு பெரியவர் எண்ணெய் தடவி உருவிவிட்டார். கண்ணில் பொறி பறந்தது. அவர் உருவியது கணுக்காலை, முறிந்திருந்ததோ சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பகுதி. நான் மேலே சொன்ன மூன்றாவது இடம். யாரும் அங்கே விரல் வைத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

கால் மடங்கும்போது அந்த மேட்டைப் பிடித்திருக்கும் நார் அதை இழுத்துப் பெயர்த்துவிடும். நடக்க முடியும், ஆனால் முறிவுதான். அதே எலும்பில் கொஞ்சம் முன்னால் தள்ளி முறிவது வேறு வகை, ஆறுவதற்கு மிகவும் அடம்பிடிப்பது. அதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் நடனம் ஆடும்போது தன் காலையே முறித்துக்கொண்டு, 1902-இல் அதைப் பற்றி எழுதினார்.

‘டக்’ என்று சத்தம் கேட்டது. கால் பந்து மாதிரி வீங்கியும் விட்டது. முறிவா?

சத்தம் ஜவ்வு அறும்போதும் வரும், எலும்பு முறியும்போதும் வரும். வீக்கத்தின் அளவை வைத்தும் முடிவு செய்ய முடியாது. வெறும் சுளுக்கில் கோழி முட்டை அளவு வீங்கிய காலும் பார்த்திருக்கிறேன், முறிந்தும் சாதுவாக இருந்த காலும் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் ரத்தக்கட்டு விரல் வரை நீலமாக இறங்கியதும் பலர் பதறி ஓடி வருவார்கள். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். பிறகு பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும்.

மடங்கவே இல்லை. பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஷட்டில், கபடி ஆடும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள் இதை ஒரே மாதிரிச் சொல்வார்கள். குதிகாலுக்கு மேலே கயிறு போல இருக்கும் அக்கிலீஸ் நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்லி, கெண்டைச் சதையை அமுக்குங்கள். நல்ல காலில் பாதம் தானாக அசையும், அறுந்த காலில் அசையாது. அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். நாள் கடந்தால் அறுந்த முனைகள் விலகிப் போய்விடும்.

அந்த விரல் அழுத்தும் விதி எல்லாருக்கும் பொருந்துமா?

இல்லை. குடித்திருப்பவரிடம் செய்து பயனில்லை, அவருக்கு வலி சரியாகத் தெரியாது. வேறு இடத்திலும் பெரிய அடி பட்டிருந்தால், அந்த வலி இதை மறைத்துவிடும். வயதானவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளமாகவே எக்ஸ்ரேக்கு அனுப்புவேன், எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கும்.

குழந்தைகளுக்கு எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு. அது ஜவ்வைவிடப் பலவீனம். பெரியவருக்கு ஜவ்வு கிழியும் அதே அடியில் பிள்ளைக்கு அந்தத் தட்டு பிளக்கலாம், எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். அதனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புடைப்பின் மேலேயே வலி என்றால், படம் சுத்தமாக இருந்தாலும் மருத்துவர் சில வாரம் கட்டுப் போடச் சொல்வது உண்டு. அதைத் தேவையில்லாத செலவு என்று நினைக்க வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்துத்தான். பல வருடச் சர்க்கரையில் பாத நரம்பு மரத்திருக்கும். எலும்பு முறிந்தும் “லேசாத்தான் வலிக்குது” என்று நடந்து வருவார்கள். மரத்துப்போன கால் ஒன்று, பெரிதாக அடிபட்டதாக ஞாபகமே இல்லாமல், சிவந்து வீங்கி மற்ற காலைவிடச் சூடாக இருந்தால் அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். நடக்க நடக்க உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே மாறிவிடும். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்குப் பயப்படுவார்கள். கணுக்காலுக்கு எடுக்கும் படத்தில் வயிற்றுக்குப் போகும் கதிர்வீச்சு கிட்டத்தட்ட இல்லை. கர்ப்பம் என்பதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

சுளுக்கு எத்தனை நாளில் சரியாகும்?

எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜவ்வு இழுபட்டு மட்டும் இருந்தால், அதாவது முதல் நிலை, வலியோடாவது நடப்பீர்கள், ஒன்றிரண்டு வாரம். பாதி கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, மூன்றிலிருந்து ஆறு வாரம். முழுதாக அறுந்தால் மூன்றாம் நிலை, இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. இது அன்றாட வேலைக்குத் திரும்பும் கணக்கு. ஜவ்வு உள்ளுக்குள் முறுக்கேற இன்னும் பல மாதம் எடுக்கும்.

எந்த நிலை என்று முதல் நாளே கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல முடியாது. வலியில் காலையே தொடவிட மாட்டீர்கள். நான்கைந்து நாள் கழித்து வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் ஆட்டிப் பார்ப்பதுதான் துல்லியம். அதனால்தான் “அடுத்த வாரம் வாங்க” என்கிறார்கள். முழுதாக அறுந்த ஜவ்வுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது.

ஐஸா, வெந்நீர் ஒத்தடமா?

முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ். வெந்நீர், சூட்டுத் தைலம், அழுத்தித் தேய்ப்பது எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவு கூடி வீக்கமும் கூடும். ஐஸ் கட்டிகளைப் பாலித்தீன் பையில் போட்டு, ஈரத் துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். ஐஸ் இல்லையா, ஃப்ரீசரில் வைத்த பால் பாக்கெட்டைத் துணியில் சுற்றி வைத்தால் கணுக்காலின் வளைவில் அழகாக உட்காரும். தோலில் நேராக மட்டும் வைக்க வேண்டாம், ஐஸும் சுடும். மரத்துப்போன சர்க்கரைக் காலுக்கு ஐஸே வேண்டாம்.

ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் ஒரு சூத்திரமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல வருடம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைக்கு என் கருத்து: ஐஸ் வலியைக் குறைக்கும், அதற்காக வையுங்கள், ஜவ்வு சீக்கிரம் ஒட்டும் என்று அல்ல. அந்த நான்கில் எனக்குப் பிடித்தது காலை உயர்த்துவதுதான். செலவே இல்லை, ஆனால் ஒழுங்காகச் செய்கிறவர் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் வைப்பது உயர்த்துவது ஆகாது. படுத்துக்கொண்டு, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்க வேண்டும்.

சுளுக்கு எடுக்கலாமா? புத்தூர் கட்டு போடலாமா?

இதை நேரடியாகக் கேட்காமல், “எங்க மாமியார் கேக்கச் சொன்னாங்க” என்றுதான் கேட்பார்கள். காலால் பிறந்தவர் உதைத்தால் சுளுக்கு போகும், இரட்டைப் பிள்ளை நீவினால் போகும் என்று நம்புகிற ஊர்களில்தான் நானும் வளர்ந்தேன். மெதுவாக நீவுவதோடு நிற்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. பிடித்து வெடுக்கென்று இழுத்து ‘சொடக்கு’ எடுப்பதுதான் ஆபத்து. சுளுக்கில் எதுவும் இடம் மாறிப் போய் உட்கார்ந்திருப்பதில்லை, இழுத்து உள்ளே தள்ள. பாதி கிழிந்ததை முழுதாகக் கிழிக்கவும், விலகாத முறிவை விலக வைக்கவும் அந்த ஒரு இழுப்பு போதும்.

சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் ஆந்திராவில் இருக்கும் புத்தூரின் பெயரில் நம் ஊரெங்கும் பலகைகள் தொங்குகின்றன. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைப் பற்று, இறுக்கமான கட்டு. அசையாமல் வைத்தால் பல முறிவுகள் தானாகவே கூடும். கட்டினவருக்குப் பெயர் கிடைப்பதும் அதனால்தான். கணுக்கால் அவ்வளவு தாராளம் காட்டாது. மூட்டின் எலும்புகள் ஓரிரண்டு மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலும் சில வருடத்தில் மூட்டு தேய ஆரம்பிக்கும். எலும்பு எப்படி இருக்கிறது என்று படம் பார்க்காமல் கட்டுவதுதான் எனக்கு உள்ள பிரச்சினை. கட்டு அதிக இறுக்கமாகி விரல் கறுத்து வந்த கால்களும் உண்டு. போடுவதென்று முடிவெடுத்தாலும் எக்ஸ்ரேயை எடுத்து ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

புளி, உப்பு, மஞ்சள் பற்று? தோல் கிழியாமல் இருந்தால், ஆறவைத்துப் போடுவதில் தப்பில்லை. கொதிக்கக் கொதிக்கப் போட்டுக் கொப்புளம் வந்த பிறகு, அந்தத் தோல் ஆறும்வரை பட்டையும் போட முடியாது, தேவைப்பட்டால் ஆபரேஷனும் தள்ளிப் போகும்.

கிரேப் பேண்டேஜை எப்படிக் கட்டுவது?

10 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். விரல்களின் அடியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். கணுக்காலில் ஆரம்பித்துக் கீழே வந்தால் வீக்கம் பாதத்தில் அடைபடும். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்துக்கொண்டு, பாதத்தை இரண்டு சுற்று, பிறகு எட்டுப் போடுவது போல முன்னால் குறுக்காக மேலே ஒன்று கீழே ஒன்று. ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் போதும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். கட்டிய பின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். மரத்தாலோ சில்லிட்டாலோ அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

நடக்க ஆரம்பித்ததும், இரண்டாம் மூன்றாம் நிலைச் சுளுக்குக்குக் கயிறு கட்டும் பிரேஸ் இதைவிடப் பலமான பிடி கொடுக்கும். சாக்ஸ் மாதிரி இழுத்துப் போடும் மெல்லிய உறை மனத்துக்குத்தான் துணை.

என்ன மாத்திரை போடலாம்?

முதலில் களிம்பு. டைக்ளோஃபெனாக் ஜெல் போன்றவற்றை முதலில் பயன்படுத்துங்கள் என்றுதான் அமெரிக்க மருத்துவர் சங்கங்களின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. வயிற்றுக்குக் கெடுதல் குறைவு. மெதுவாகத் தடவினால் போதும், தேய்க்க வேண்டாம். வலி கூடுதலாக இருந்தால் பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு சந்தேகம் இருந்தால் இவற்றைத் தொடவே கூடாது. “வீக்கத்துக்கு ஒரு மாத்திரை” என்று கடையில் சேர்த்துக் கொடுக்கும் என்சைம் மாத்திரைகளுக்குப் பலமான சான்று இல்லை. அந்தக் காசுக்கு நல்ல பேண்டேஜ் வாங்கலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் இன்னும் ஊன்ற முடியவில்லையே?

ஒரு வாரத்துக்குப் பிறகும் எடை போட முடியவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள். மயிரிழை விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல், பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தெரிவது உண்டு. வலி புடைப்புக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளுக்கும் நடுவில் இருக்கிறதா, கெண்டைக்காலை இரு பக்கமும் சேர்த்து அமுக்கினால் கீழே கணுக்காலில் வலிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது அந்த இரு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வில் பட்ட அடி. வெளியே பெரிய வீக்கம் இருக்காது, ஆனால் சாதாரணச் சுளுக்கைவிட இரண்டு மடங்கு நாள் எடுக்கும். இதைச் சுளுக்கென்று விட்டுவிடக் கூடாது.

எம்ஆர்ஐ முதல் வாரத்திலேயே வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஜவ்வு கிழிந்திருப்பதாக வரும், அது கை வைத்துப் பார்த்தாலே தெரியும். ஆறு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் உள்ளுக்குள் வலி, பூட்டிக்கொள்வது போன்ற உணர்வு இருந்தால் அப்போது எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. உள்ளே குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம்.

மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

வெளிப்புடைப்பு மட்டும் விலகாமல் முறிந்து மூட்டு நிலையாக இருந்தால், ஆறு வாரம் கட்டோ பூட் மாதிரியான காலணியோ போதும். இரண்டு பக்கமும் முறிந்தால் பெரும்பாலும் பிளேட், ஸ்க்ரூதான்.

கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். காலை உயர்த்தி வைத்து மாத்திரை போட்டும் ஏறிக்கொண்டே போனால், விரலை அசைத்தால் உயிர் போனால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கெண்டைச் சதையில் புதிதாக வலி, திடீர் மூச்சுத் திணறல் இரண்டும் ரத்த உறைவின் அடையாளமாக இருக்கலாம், அதற்கும் உடனே. அரிக்கிறது என்று ஸ்கேலையோ பின்னல் ஊசியையோ உள்ளே விடாதீர்கள்.

ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

பயிற்சி எப்போது தொடங்கலாம்? வலி போன பிறகுதானே?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சுளுக்கு என்று தெரிந்தால் இரண்டாம் மூன்றாம் நாளே, வலி பொறுக்கும் அளவுக்கு, காலை அசைக்க வேண்டும். படுத்துக்கொண்டு கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளை எழுதச் சொல்வது வழக்கம். நான் அ, ஆ, இ எழுதச் சொல்வேன். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம், கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பியாக வேண்டும். ‘இ’ வரும்போது முகம் சுளிப்பார்கள். ‘ஔ’ வரை சிரமமில்லாமல் எழுதிய அன்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அது, காலை நீட்டி உட்கார்ந்து துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பது, 30 நொடி, மூன்று தடவை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, முதலில் இரண்டு காலில், பழகியதும் ஒற்றைக் காலில். கடைசியாகச் சமநிலை: பல் தேய்க்கும் இரண்டு நிமிடமும் அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். ஒரு வாரம் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், பிடிக்க வாஷ்பேசின் பக்கத்தில் இருக்கட்டும். சாய்கிறோம் என்று மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்பு நுனிகள் ஜவ்வில் இருக்கின்றன, ஜவ்வோடு சேர்ந்து அவையும் கெட்டுப்போகும். அவற்றைப் பழக்குவது இந்தக் கடைசிப் பயிற்சிதான். வலி போனதும் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட்? பைக்?

சம்மணம் போடும்போது பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டு நிற்கிறது. கால் பிசகியபோது எந்த நிலையில் இருந்ததோ கிட்டத்தட்ட அதே நிலை. முதல் மூன்று வாரம் சாப்பாட்டுக்கும் பூஜைக்கும் நாற்காலி. குந்துவதற்குப் பாதம் மேல்நோக்கி நன்றாக மடங்க வேண்டும். அது திரும்பாதவரை குதிகால் தரையில் படியாமல் தடுமாறுவீர்கள், ஈரத் தரையில் இன்னொரு விழுதல்தான் மிச்சம். பைக்கில் கியர் இடது காலில் இருக்கிறது. இடது கால் என்றால் கியரைத் தூக்கும்போது வலிக்காமலும், சிக்னலில் வண்டியின் எடையைத் தாங்கவும் முடிந்த பிறகுதான். வலது கால் என்றால் பிரேக்கை நடு ரோட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். நின்றிருக்கும் வண்டியில் பத்துத் தடவை ஓங்கி மிதித்துப் பாருங்கள்.

அதே கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் முதல் தடவை பயிற்சியை முடிக்காத கால். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சமநிலைப் பயிற்சி செய்தால் நிறையப் பேருக்கு ஆபரேஷன் பேச்சே எழாது. செய்தும், சமதரையில் கூடக் கால் நழுவினால், கிழிந்த ஜவ்வை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1966-இல் ஸ்வீடன் மருத்துவர் ப்ரோஸ்ட்ரோம் சொன்ன முறையைத்தான் சில மாற்றங்களோடு இன்றும் செய்கிறார்கள்.

மறுபடி எப்போது விளையாடலாம்?

தேதி சொல்ல மாட்டேன். ஒற்றைக் காலில் இருபது தடவை குதிகாலைத் தூக்க முடிகிறதா, அந்தக் காலில் மட்டும் முன்னும் பக்கவாட்டிலும் குதித்து இறங்க முடிகிறதா, எட்டுப் போட்டு ஓடினால் பயம் இல்லாமல் திரும்புகிறீர்களா? நல்ல காலுக்குச் சமமாக இருந்தால் இறங்குங்கள். வாலிபாலிலும் கூடைப்பந்திலும் வலையடியில் இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கித்தான் பாதிக் கால்கள் போகின்றன, அதனால் முதல் ஒரு வருடம் ஆட்டத்தில் பிரேஸ் இருக்கட்டும்.

கொலுசை மறுபடி எப்போது போடலாம்?

சின்னக் கேள்வி என்று தயங்கித்தான் கேட்பார்கள். எனக்கு இது நல்ல கேள்வி. சுளுக்கு ஆறிய பிறகும் பல வாரம் காலையில் கால் ஒல்லியாகவும் மாலையில் பருத்தும் இருக்கும். காலையில் மாட்டிய அதே வளையத்தில் ராத்திரி ஏழு மணிக்கும் கொக்கி சிரமமில்லாமல் விழுந்தால் போட்டுக்கொள்ளுங்கள். விழவில்லை என்றால் அன்று அதிகம் நடந்திருக்கிறீர்கள். கொலுசைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வையுங்கள்.